இடுப்பால் எழுதச் சொன்னவர்

தென்காசி முதல் குற்றாலம் வரைக்கும் மனிதனுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தவர் ஜப்பான் அண்ணாச்சி ஒருவர்தான். மற்றவர்கள் அதற்கு வேளாவேளைக்குச் சோறு போட்டார்கள், சீசன் வந்தால் அருவியில் நனைத்தார்கள், மிச்ச நாளெல்லாம் மறந்துவிட்டார்கள். நானும் அப்படி மறந்து கிடந்தவன்தான். என் உடம்பை எனக்கு அறிமுகப்படுத்தி வைத்தவர் அவர். அறிமுகம் சுமுகமாக நடந்தது என்று சொல்ல முடியாது.

செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து நம் பக்கம் வந்து சேர்ந்த புதிது அது. தென்காசி ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் நாங்கள் சில பேர் வாடகைக்கு இருந்தோம். நான் சுரண்டைக்காரன், பெரிய வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தா. ஜப்பான் அண்ணாச்சி இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்யும். தபால்காரரே அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

வயசுக் காலத்தில் மலாயாவுக்கு எஸ்டேட் கிளார்க்காகப் போனவர். யுத்தத்தில் ஜப்பான்காரன் வந்து ஊரைப் பிடித்ததும், இவருக்கு அவன் பாஷை சட்டென்று நாக்கில் ஒட்டிக்கொண்டதால், ஒரு லெப்டினன்டுக்குத் துபாஷியாகப் போட்டுவிட்டார்கள். அந்த லெப்டினன்ட் பட்டாளத்துக்கு வருமுன் கியோட்டோவில் பெரிய பெரிய பேராசிரியர்களிடம் தத்துவம் படித்தவனாம். படித்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. கூட இருந்த சிப்பாய்கள் காது கொடுக்கவில்லை. அகப்பட்டவர் நம்ம ஆள். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர்கள் தகரப் பெட்டியும் கைக்கடிகாரமும் கொண்டுவந்தார்கள். இவர் மட்டும் ஜப்பான் தத்துவத்தைக் கொண்டுவந்து ரத வீதியில் இறக்கினார்.

என்ன தத்துவம் என்று கேட்டால் கடைத்தெரு பாஷையில் சொல்லுவார். வெள்ளைக்காரன் மனசு வேறு, உடம்பு வேறு என்று இரண்டு கடை போட்டு நடுவில் சுவர் வைத்துவிட்டான். நம்ம சாமியார்கள் உடம்பே பொய் என்று ஒரு கடையை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். ஜப்பான்காரன் அந்தச் சுவரை இடித்தான். ஆனால் சும்மா வாயால் சொன்னால் சுவர் விழாது. உடம்பைப் பழக்கிப் பழக்கி, ஒரு நாள் அதுவாக விழ வேண்டும். இவ்வளவுதான். இதை அவர் முழுசாகச் சொல்லி முடிக்க ஒரு பொழுது ஆகும், அதற்குள் கேட்கிறவன் சுவர் ஏறிக் குதித்து ஓடியிருப்பான்.

இந்தத் தத்துவத்தை வைத்துக்கொண்டு அவர் இன்ஷூரன்ஸ் விற்றார் என்பதுதான் வேடிக்கை. சுரண்டையில் ஒரு அரிசி மில் முதலாளி, தம் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பத்துக்கு என்ன வரும் என்று நியாயமாகத்தான் கேட்டார். இவர் விடவில்லை. உம்ம உடம்பு என்று சொல்லாதீரும், உம்ம குடை, உம்ம செருப்பு மாதிரி அது உம்மிடம் இருக்கிற சாமான் இல்லை, நீரேதான் அது என்று ஆரம்பித்துவிட்டார். முதலாளி குழம்பிப்போய், அப்படியானால் செத்தால் பணத்தை யார் வாங்குவது என்று கேட்டார். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும் வரைக்கும் பதில் வந்தது. கடைசியில் முதலாளி, எங்கே கையெழுத்துப் போட வேண்டும், போட்டுத் தொலைக்கிறேன் என்றாராம். ஜில்லாவில் அவரைவிட அதிகமாகப் பாலிசி பிடித்த ஏஜெண்ட் கிடையாது. எல்லாம் அவரை எழுப்பி அனுப்புவதற்காகப் போட்ட கையெழுத்துகள்.

காசி விசுவநாதர் கோயில் வாசலில் ஒரு காற்று உண்டு. கோபுரம் மொட்டையாக நின்ற அந்தக் காலத்திலும் அது இருந்தது. உள்ளே போகிறவனை முதலில் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். கொஞ்சம் தாண்டினதும் முதுகில் கை வைத்து, போ போ என்று அனுப்பிவைக்கும். ஜப்பான் அண்ணாச்சி அந்த இடத்தில் நட்டநடுவே கண்ணை மூடி நிற்பார். கூட்டம் பின்னால் தேங்கும். ஒரு நாள் தேங்காய்ப் பழத்தட்டோடு வந்த ஒருவர், குளிர் தாங்கவில்லை, வழி விடுங்கள் என்றார். இவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"குளிருதுங்கீரே, குளிரு எங்கன இருக்கு? காத்துலயா, உம்ம தோலுலயா?"

"தேங்கா கனக்குது அண்ணாச்சி. சித்த நகரும்."

"கனம் தேங்காயிலயா, கையிலயா?"

அன்றைக்கு அந்தத் தேங்காய் சந்நிதி போய்ச் சேரவில்லை, வாசலிலேயே உடைந்தது என்று ஊரில் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை, பார்த்ததாகச் சொன்னவர்கள் அநேகம் பேர்.

இன்னொரு பழக்கம், எதைக் கண்டாலும் இடுப்பை வளைத்துக் கும்பிடுவது. காப்பிக் கிளப்பில் தோசை வந்தால் தோசைக்கு ஒரு வளைவு, கொண்டுவந்த சப்ளையருக்கு ஒரு வளைவு. புதிதாக வந்த சப்ளையர், பெரியவர் ஏதோ சில்லறையைக் கீழே போட்டுவிட்டார் என்று நினைத்து மேஜைக்கு அடியில் புகுந்து தேட, இவர் அவனும் பதிலுக்குக் கும்பிடுகிறான் என்று இன்னும் கீழே வளைய, இரண்டு தலையும் அங்கே சந்தித்துக்கொண்டன.

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் என் கை போயிற்று.

போயிற்று என்றால் வெட்டுப்படவில்லை, முறியவில்லை. எனக்கு வைகாசியில் கல்யாணம். ஆனி மாதம் ஒரு நாள், வக்கீல் வீட்டு ஆபீஸ் அறையில் பிராது நகல் எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று கட்டைவிரல் உள்ளே மடங்கிக்கொண்டது, பேனா எகிறிப் போய் வக்கீலின் வேட்டியில் விழுந்தது. மறுபடி எடுத்தேன், மறுபடி மடங்கியது. தம்ளர் பிடிக்கும், தாழ்ப்பாள் போடும், முறுக்கு உடைக்கும். பேனாவைக் கண்டால் மட்டும் நத்தை மாதிரி உள்ளே போய்விடும்.

டாக்டரிடம் போனேன். அவர் கையைத் தட்டிப் பார்த்து, குத்திப் பார்த்து, கையில் ஒன்றுமில்லை, மனசில்தான் ஏதோ இருக்கிறது என்றார். அம்மா சொன்னாளே என்று ராயகிரிப் பக்கம் ஒரு மந்திரவாதியிடம் போனேன். அவர் கண்ணை உற்றுப் பார்த்து, மனசு சுத்தமாக இருக்கிறது, கையில்தான் ஏதோ இருக்கிறது என்றார். கையைப் பார்க்க வேண்டியவர் மனசைக் காட்டினார், மனசைப் பார்க்க வேண்டியவர் கையைக் காட்டினார். நான் இரண்டையும் தூக்கிக்கொண்டு ரத வீதிக்குத் திரும்பினேன்.

என் பயம் சின்னப் பயமில்லை. மாமனாருக்குத் தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசை. வெயிலில் தோட்ட வேலை பார்த்துக் கறுத்த மனிதர். பேனா பிடிக்கிற மாப்பிள்ளை என்றுதான் பெண்ணைக் கொடுத்தார். ஆடி பிறந்ததும் வழக்கப்படி என் பெண்டாட்டி செண்பகத்தைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஆடியில் புதுப் பெண்டாட்டியும் புருஷனும் ஒரு கூரைக்குக் கீழே இருக்கக் கூடாதே. ஆவணியில் தென்காசியில் நான் வீடு பார்த்து வைக்க, அவர் கொண்டுவந்து விடுவதாகப் பேச்சு. என் கை விஷயம் காதுக்குப் போனதும் ஆள் அனுப்பினார். மாப்பிள்ளைக்கு உடம்பு நல்லாகட்டும், ஆவணிக்கு என்ன அவசரம், ஐப்பசியிலும் அனுப்பலாம் என்று மரியாதையாகத்தான் சொல்லியனுப்பினார். வக்கீலோ இன்னும் வெளிப்படை. ஆடி முடிகிற வரைக்கும் பார்ப்பேன், ஆவணியில் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்தக் கை எழுதாவிட்டால் வேலையும் இல்லை, வீடும் இல்லை, செண்பகமும் இல்லை.

ஜப்பான் அண்ணாச்சி என் கையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டாக்டர், மந்திரவாதி இரண்டு பேர் சொன்னதையும் கேட்டார்.

"ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதியைச் சொல்லுதானுவ. வே, நீரு விரலால எழுதுதீரு. அதான் கோளாறு. இடுப்பால எழுதும்."

இடுப்பில் எனக்கு என்ன விரலா முளைத்திருக்கிறது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவருடைய லெப்டினன்ட் தூரிகை பிடித்து எழுதுவானாம். விரல் அசையாதாம், இடுப்பிலிருந்து புறப்பட்டுத் தோள் வழியாகக் கடுதாசியில் இறங்குமாம். மனசு மேலே உட்கார்ந்து விரலை அதிகாரம் பண்ணப் பண்ண, விரல் பயந்து சுருண்டுகொள்ளும். அதை விரட்டாமல், உடம்பு முழுவதையும் எழுதவிட வேண்டும் என்றார்.

மறுநாள் விடியலில் மொட்டை மாடியில் என் கையில் ஒரு வாளித் தண்ணீரும் துடைப்பமும் கொடுத்தார். துடைப்பத்தைத் தண்ணீரில் முக்கித் தரையில் எழுத வேண்டும். ஆள் உயரத்துக்கு 'வாதி' என்று எழுதினேன். 'பிரதிவாதி' எழுதினேன். கை ஒரு வார்த்தை பேசவில்லை, சொன்னபடி எழுதியது. சாரல் காலமாதலால் எழுத எழுத மழை வந்து தள்ளுபடி செய்தது. நான் கொட்டிய தண்ணீரோ ஓட்டை வழியாகக் கீழே ஜவுளிக்கடையில் இறங்கி, ஆடித் தள்ளுபடிக்கு அடுக்கியிருந்த சேலைகளை நனைத்தது. கடைக்காரர் மேலே ஏறி வந்தார். வக்கீல் குமாஸ்தா கோவணத்தை இறுக்கிக்கொண்டு துடைப்பத்தால் பிராது எழுதுவதைப் பார்த்தார். வந்த வழியே இறங்கிப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் அறைக்கு வந்து பேனாவைத் தொட்டால் கட்டைவிரல் பழையபடி உள்ளே போயிற்று. துடைப்பம் போதாது, உயிருள்ள காகிதம் வேண்டும் என்றார் ஜப்பான் அண்ணாச்சி.

அவர் சொன்ன உயிருள்ள காகிதம் மனித முதுகு.

சீசனில் குற்றாலத்துப் பேரருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களில் மாடசாமி என்பவர் அண்ணாச்சியின் பாலிசிக்காரர். என்னை அவரிடம் கொண்டுபோய்விட்டு, விடியலிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இந்த ஆள் உமக்கு இனாமாக வேலை பார்ப்பார் என்று ஒப்படைத்துவிட்டார். வக்கீல் குமாஸ்தா எண்ணெய் தேய்க்கிறதா, ஊர் என்ன சொல்லும் என்று நான் முரண்டு பிடித்தேன். தலையில் ஒரு துண்டு, இடுப்பில் ஒரு துண்டு, மேலெல்லாம் எண்ணெய், இந்தக் கோலத்தில் உம்மை உம்ம ஆத்தாளுக்கே அடையாளம் தெரியாது என்றார். அதுவும் உண்மைதான். மாடசாமி என் கைவரிசையைப் பார்த்துவிட்டு, கோழிக்கு மஞ்சள் தடவுகிற மாதிரி இருக்கிறது, இவரை நம்பி வெளி ஆளை உட்கார வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அதனால் ஜப்பான் அண்ணாச்சியே என் முன்னால் பாறையில் உட்கார்ந்து முதுகைக் கொடுத்தார்.

நாள் போகப் போக, விரலை மறந்து இடுப்பைக் கொடுத்து அழுத்தப் பழகினேன். ஒரு நாள் அவருடைய இடது தோள்பட்டைக்குக் கீழே என் உள்ளங்கை எதிலோ தட்டியது. கயிறு மாதிரி நீளமாகத் தடித்த தழும்பு. அதற்குக் கீழே இன்னொன்று. என்ன அண்ணாச்சி இது என்றேன். அவர் திரும்பாமலே சொன்னார்.

"ஒரு ஜப்பான் சார்ஜெண்ட், நம்ம கூலியாள் ஒருத்தனைக் கன்னத்துல அறையச் சொன்னான் வே. அறையாட்டா எனக்கு விழும். என் மனசு என்ன சொல்லிச்சு தெரியுமா? அறைஞ்சிரு, தப்பிச்சுக்கிடுன்னு சொல்லிச்சு. கை எந்திரிக்கல."

"அப்புறம்?"

"அப்புறம்தான் இது. சாயங்காலம் லெப்டினன்ட் வந்து மருந்து போட்டான். உன் கை உன்னைவிட நல்ல மனுசன்னான்."

அந்த ராணுவம் சயாம் காட்டில் ரயில் ரோடு போட நம் ஜனங்களைக் கொண்டுபோய்க் கொன்ற கதை எனக்கும் தெரியும். அவனுக தத்துவத்தையா தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். கோபப்படவில்லை. தத்துவம் படித்த அதே பேராசிரியர்களும் அந்த யுத்தத்தை வாயைத் திறந்து வேண்டாமென்று சொல்லவில்லையாம், லெப்டினன்டே வருத்தப்படுவானாம். சொல்கிறவனை நம்பி நான் இதைப் பிடிக்கவில்லை, என் கையை நம்பிப் பிடித்திருக்கிறேன் என்றார். அன்றிலிருந்து நான் அவரைப் பார்த்துச் சிரிப்பதைக் குறைத்துக்கொண்டேன். அடியோடு நிறுத்த முடியவில்லை, அவர் சிரிக்க வைக்காமல் விடுகிற ஆள் இல்லை.

ஆடி கடைசி ஞாயிறு. அருவியில் நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். மாடசாமியைச் சுற்றி ஆட்கள். ஒரு பருத்த மனிதர் வந்து, என் முன்னால் முதுகைக் காட்டித் தொப்பென்று உட்கார்ந்து, பித்தளைத் தூக்கில் கொண்டுவந்த சொந்த எண்ணெயைப் பின்னால் நீட்டினார். இடுப்புக்கு மேலே ஒரு பிடிப்பு, மூச்சு விட முடியவில்லை, நன்றாக அழுத்து என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் தலைத்துண்டைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். எங்கள் பெரிய வக்கீல்.

ஓடிவிடலாம் என்று பார்த்தேன். அருவிக்குக் கீழே நின்ற ஜப்பான் அண்ணாச்சி, ஓடாதே என்று இரண்டு கையாலும் ஜாடை காட்டி, இடுப்பைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பக்கத்தில் குளித்தவர்கள் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்று நினைத்து இருவராகத் தாங்கிக்கொண்டார்கள். வேறு வழியில்லை. எண்ணெயைக் கையில் ஊற்றினேன்.

எண்ணெய் தேய்க்கிறவனிடம் மனசைத் திறப்பது நம் ஊர்ப் பழக்கம். முகம் பார்க்க வேண்டியதில்லை பாருங்கள். வக்கீலும் திறந்தார்.

"எங்க ஆபீசுல ஒரு பய இருக்கான்ப்பா. எழுத்து முத்து முத்தா இருக்கும். என்னமோ கை முடங்கிப் போச்சு. ஆவணியில அனுப்பணும். எனக்கு மனசே ஆகல, புதுசாக் கல்யாணம் ஆன பய."

கண்ணில் நீர் முட்டியது. சாரல் அடித்ததால் வெளியே தெரியவில்லை. இவ்வளவு நாளும் இந்த மனிதரைக் கல் நெஞ்சர் என்று நினைத்திருந்தேன். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. என் இடுப்பு தானாக இறங்கியது, தோள் இறங்கியது, உள்ளங்கை அவருடைய பிடிப்பின் மேல் போய் உட்கார்ந்தது. மளுக் என்று ஒரு சத்தம். பெரிய வக்கீல், "ஏ ஆத்தா" என்று கத்தினார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். வலம் இடம் திரும்பிப் பார்த்தார். நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார். அப்புறம்தான் பின்னால் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"ஏலே, சங்கரலிங்கமாலே?"

எண்ணெய்க் கையோடு தலைத்துண்டை அவிழ்த்தேன். அதற்குள் ஜப்பான் அண்ணாச்சி தம்மைத் தாங்கியவர்களை உதறிவிட்டுச் சொட்டச் சொட்ட ஓடிவந்து, வக்கீலுக்கு முன்னால் இடுப்பை வளைத்து நின்றார். வக்கீல் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், தூக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"நாளைக்கு ஆபீசுக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு அருவிக்குள் போய்விட்டார்.

மறுநாள் வாசலில் தயங்கி நின்றேன். அவர் ஒன்றுமே நடக்காதது போல் ஒரு பிராதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் அவசரமாகப் பேனாவை எடுத்தேன். கட்டைவிரலைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இடுப்பை ஊன்றினேன், தோளைத் தளர விட்டேன். எழுதியது. ஒரு பக்கம் எழுதியது, மறுபக்கமும் எழுதியது. முதல் முதல் நடக்கிற பிள்ளையைப் பார்ப்பது போல என் கையை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வித்தியாசம், எழுத்து பெரிசாகிவிட்டது. முத்தாக இருந்ததெல்லாம் இப்போது பூசணிக்காயாக இருக்கிறது என்று வக்கீல் முனகினார். ஆனால் கண் மங்கிய நீதிபதி ஒருவர், கண்ணாடியைத் தேடாமல் படிக்க முடிகிற பிராது இந்த ஆபீசிலிருந்து மட்டும்தான் வருகிறது என்று சொல்லப்போக, முனகல் நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை பற்றி ஆபீசில் அவர் ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் சீசன் தோறும் அருவிக்கரையில் வந்து என் முன்னால்தான் முதுகைக் காட்டுவார். ஆபீசில் அவர் எசமான், பாறைமேல் நான் எசமான்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் மாமனார் செண்பகத்தைக் கொண்டுவந்துவிட்டார். புது வீட்டில் முதல் சாப்பாட்டுக்கு ஜப்பான் அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். அவர் இலைக்குக் கும்பிட்டு, சோற்றுக்குக் கும்பிட்டு, செண்பகத்துக்கும் கும்பிட, அவள் பதறிப்போய் அவர் காலில் விழுந்தாள். நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்று மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். அண்ணாச்சி, நீங்கள் மட்டும் இல்லாவிட்டால் என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"வாயால சொல்லாதீரும் வே. வாய்க்கு என்ன தெரியும்? ஞாயித்துக்கிழமை அருவிக்கு வாரும், முதுகுல சொல்லும்."

போனேன். வருஷா வருஷம் போனேன். பிறகு பத்திரிகை வேலை கிடைத்து மதுரைக்குப் போன பின்னும் சீசனுக்குப் போனேன். இதோ இந்த வாரம் வரைக்கும் உங்களுக்காகப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேனே, எல்லாம் அந்த முதுகில் பழகிய எழுத்து. நான் தின்கிற சோறு அவர் போட்டது. இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

போன ஆனியில், அண்ணாச்சி போய்விட்டார் என்று தந்தி வந்தது. செண்பகமும் நானும் ஓடினோம். அவருக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். குளிப்பாட்டுமுன் உறவுக்காரர்கள் வந்து தலையில் எண்ணெய் வைக்க வேண்டும், யார் வைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நான் முன்னால் போனேன். தலையில் ஒரு சொட்டு வைத்தால் போதும், சீக்கிரம் என்றார்கள்.

நான் சுற்றிக்கொண்டு பின்னால் போனேன். உள்ளங்கை நிறைய எண்ணெயை ஊற்றி, இடது தோள்பட்டைக்குக் கீழே அந்தத் தழும்புகளைத் தேடிப் பிடித்து, இடுப்பைக் கொடுத்து, நிதானமாகத் தேய்த்தேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை.